பிரதிபேதம்: ஏட்டுச்சுவடியிலிருந்து கிட் வரை

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மாலையில் நடக்கச் செல்வோரில் பலர், அருண்டேல் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைக் கண்டும் காணாமலும் கடந்து போகிறார்கள். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் அது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டு விழும் என்ற அச்சம் பரவ, முதுமையில் தளர்ந்திருந்த ஐயர் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்தார். அங்கேயே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்தில் தொடங்கப்பெற்ற நூல்நிலையம் பின்னாளில் பெசன்ட் நகருக்கு வந்தது. ஐயர் வாழ்ந்த திருவல்லிக்கேணித் தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. வீடு போயிற்று, அவர் திரட்டிய ஏடுகளும் கைப்பட எழுதிய குறிப்பேடுகளும் இங்கே இருக்கின்றன.

ஆனால் இக்கட்டுரை ஐயரைப் பற்றியது மட்டுமன்று. மென்பொருள் எழுதுவோர் ‘வெர்ஷன் கண்ட்ரோல்’ என்று வழங்கும் கருவிகளைப் பற்றியது. கணித்தமிழ் அகராதிகள் இதனைப் பதிப்புக் கட்டுப்பாடு என்கின்றன. பதிப்பு என்றால் நம் போன்றோருக்கு அச்சகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. யார், எப்போது, எதை, ஏன் திருத்தினார் என்ற கணக்கை எழுதி வைப்பதே இக்கருவிகளின் தொழில் என்பதால், திருத்தக் கணக்கு என்ற சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் நம் சொந்த அனுபவம். நாம் சிலர் ஞாயிறுதோறும் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி, உரிமைக் காலம் கடந்த பழைய உரைநூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து வருகிறோம். முதல் ஆண்டில் நம் கோப்புகளின் பெயர்கள் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’, ‘இதுவே இறுதி’ என்று வளர்ந்தன. இது தாங்காமல், ஒரு நிறுவனம் இலவசமாகத் தந்த இணையச் சேவை ஒன்றில் கோப்புகளை ஏற்றினோம். நன்றாகவே நடந்தது. ஆறாவது ஆண்டில் இலவசத் திட்டம் முடிவடைகிறது என்று ஒரு கடிதம் வந்தது. கோப்புகளை இறக்கிக்கொள்ள 30 நாள் அவகாசம். இறக்கினோம். கைக்கு வந்தது கடைசிப் பிரதி மட்டுமே. எந்தச் சொல்லை யார் மாற்றினார், ஏன் மாற்றினார், அதன்மேல் நடந்த வாதம் என்ன என்பதெல்லாம் அந்த நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே தங்கிவிட்டது. ஒரு சூத்திர உரையில் ‘பொது’ என்றிருந்ததை நம்மில் ஒருவர் ‘போது’ என்று மாற்றியிருந்தார். காரணம் நினைவில்லை என்கிறார். அச்சுப் பிரதியில் அவ்விடம் மை கலைந்திருக்கிறது.

பொதுவும் போதும் மயங்குவது தமிழுக்குப் புதிதன்று. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் கொம்பில் வேற்றுமை இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே கீறப்பட்டிருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் படிப்பவரே பிரித்துணர வேண்டும். வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழி செய்தது 18ஆம் நூற்றாண்டில். அதற்கு முந்திய ஏடுகளிலும், பிந்திய ஏடுகள் பலவற்றிலும், ‘பொது’, ‘போது’, ‘பெரது’ மூன்றும் ஒரே வடிவந்தான்.

பனையோலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் பொருள். நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆகவே தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியாக வேண்டும். எழுதி முடித்ததும் பழைய ஏட்டை என்ன செய்வது? ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஊர்கள் உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்ட செய்தியை ஐயர் தம் ‘என் சரித்திர’த்தில் வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். அதாவது, புதிய பிரதி வந்ததும் பழையது அழிந்துவிடும். புதிய பிரதி எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் அதில் பெரும்பாலும் எழுதப்பட்டிராது. ஏடெழுதியவர் தம் பெயரையும், எழுதி முடித்த ஆண்டையும், பிழை பொறுக்க வேண்டிய ஒரு வாக்கியத்தையும் கடைசி ஓலையில் எழுதி வைத்திருந்தால் அதுவே பெரிய கொடை.

இத்தகைய ஏடுகளைக் கொண்டுதான் ஐயர் வேலை செய்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அவர் கேட்ட கேள்வியால் சீவக சிந்தாமணியிடம் திரும்பினார். நூல் அச்சானது 1887இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்ததை இன்றைய மென்பொருள் மொழியில் சொன்னால், கிளை கிளையாகப் பிரிந்து கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டு இணைத்தல் என்று சொல்லிவிடலாம். சொல்வது எளிது. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை எழுதி, சமணர் அதனை ஒப்பாமையால் சமண நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. ஏடுகளிலும் உரை ஒருபடித்தாக இல்லை. எது பிழை, எது ஆசிரியரே பின்னர்ச் செய்த திருத்தம் என்று பிரிப்பதற்கு ஓலையில் ஒரு குறியும் கிடையாது. பதிப்பாசிரியரின் தலைக்குள்தான் அந்தக் கணக்கு முழுவதும் நடக்க வேண்டும்.

ஐயர் அதனைத் தலையோடு நிறுத்தவில்லை. குறிப்பேடுகளில் எழுதினார், சொல்லகராதிகள் செய்துகொண்டார், அச்சிட்டபோது ‘பிரதிபேதம்’ என்று அடிக்குறிப்பில் மாற்றுப் பாடங்களைத் தந்தார். புறநானூறு முதலிய பதிப்புகளில் எந்தெந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் பெயராக முன்னே அச்சிட்டார். ஏடு கொடுத்த வீட்டுக்காரருக்கு அது வெறும் நன்றி. பின்வந்த ஆய்வாளருக்கு அது வழித்தடம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மாற்றுப் பாடம் இன்னது என்று அடிக்குறிப்பு சொல்லும். அப்பாடம் எந்த ஏட்டில் இருந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. இந்தக் கணக்கைத் தீர்க்கவே பிற்காலத்தார் மீண்டும் ஏடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியின் வழியாக ஏவா வில்டன் 2008இல் நற்றிணையையும் 2010இல் குறுந்தொகையையும் ஏட்டுக்கு ஏடு பாடம் காட்டிப் பதிப்பித்தார். அதற்குப் பயன்பட்ட சுவடிகளில் பெசன்ட் நகர்ச் சுவடிகளும் உண்டு. ஐயரின் குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1937இல். இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல்.

ஏட்டின் உரிமை யாருக்கு என்ற வினா அன்றும் எழுந்தது. திருவாவடுதுறை ஆதீனம் தன் ஏடுகளை ஐயருக்கு மனமுவந்து தந்தது. வேறு பலர் தரவில்லை; பரம்பரைச் சொத்து என்றார்கள், பூசைக்குரியது என்றார்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய பெருமகன், சிந்தாமணியையும் தாமே வெளியிட விரும்பி ஐயரிடம் கேட்டதும், ஐயர் இசையாததும் ‘என் சரித்திர’த்தில் உள்ள செய்திகள். இருவரும் கைப்பொருள் இழந்து தமிழ் காத்தவர்கள். நாம் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரே நூலின்மேல் இரு தகுதியுள்ளவர்கள் ஒரே சமயத்தில் வேலை செய்ய அன்று வழி இருக்கவில்லை என்பதையே கவனிக்கிறோம். ஏடு ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

பூட்டி வைத்த ஏட்டின் கதியும் தெரிந்ததே. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் ஏட்டைத் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் பார்த்திருப்பதாக ஐயர் எழுதுகிறார். பதிப்பிக்கத் தேடியபோது அது அகப்படவில்லை. இன்று நம்மிடம் இருப்பவை உரைகளும் திரட்டுகளும் மேற்கோளாக எடுத்தாண்ட 72 பாடல்கள். பரிபாடல் 70இல் முழுமையாகக் கிடைத்தவை 22. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. மிஞ்சியவை மிஞ்சியதற்கு முதற்காரணம், பல வீடுகளில் பல பிரதிகள் இருந்தமை.

பிரதிகள் பலவாக இருந்தால் இன்னொரு தொல்லை வரும். கம்பராமாயணத்துள் வெள்ளியம்பலத் தம்பிரான் தம் பாடல்களைச் செருகினார் என்பது வழிவழிச் செய்தி. அதனால் இடைச்செருகலுக்கே ‘வெள்ளிப் பாடல்’ என்று பெயர் வந்தது. எதிர்த்திசையில் ரசிகமணி டி. கே. சி. தம் செவிக்குக் கம்பனாகப் படாதவற்றை எல்லாம் நீக்கியும், சொற்களை மாற்றியும், தாம் ஒரு கம்பனைத் தந்தார். இவ்விரண்டும் தனிக்கிளைகள். கிளை பிரிவதில் குற்றமில்லை. பிரிந்த இடம் தெரியாமல் போவதுதான் குற்றம். டி. கே. சி.யின் கிளை அவர் பெயரோடு நிற்கிறது. ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். தம்பிரானின் கிளையோ கம்பன் பெயரோடு கலந்துவிட்டது. அதைப் பிரிக்கப் பதிப்பாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்க வேண்டியிருந்தது.

*

இனிக் கருவிகளின் சரித்திரம். 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர் எஸ்சிசிஎஸ் என்னும் கருவியைச் செய்தார். ஒரு கோப்பின் எல்லாத் திருத்தங்களையும் ஒரே இடத்தில் பின்னி வைத்து, வேண்டிய நிலையை வேண்டியபோது எடுத்துத் தரும் ஏற்பாடு. அது ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் உடைமை. 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிக்கி ஆர்சிஎஸ் என்ற மாற்றைச் செய்தார். கடைசிப் பிரதியை முழுதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டிய வேறுபாடுகளை மட்டும் குறித்து வைப்பது அதன் உத்தி. இவ்விரண்டிலும் ஒருவர் திருத்த எடுத்தால் கோப்பு பூட்டப்படும். ஏட்டைக் கைம்மாற்றாக வாங்கிப் போனவர் திருப்பித் தரும்வரை அடுத்தவர் திண்ணையில் காத்திருப்பது போலத்தான்.

அந்தப் பூட்டைத் திறந்தவர் நம்மைப் போல் ஓர் ஆசிரியர். ஆம்ஸ்டர்டாம் விரிய பல்கலைக்கழகத்தின் டிக் குரூன், இரு மாணவர்களோடு ஒரு மொழிமாற்றி நிரலை எழுதிக்கொண்டிருந்தார். மூவருக்கும் வேலை நேரம் வேறு வேறு. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க இயலாது. எனவே மூவரும் தனித்தனிப் பிரதியில் திருத்தி, பின்னர் இணைத்துக்கொள்ளும்படி அவர் செய்த ஏற்பாடே சிவிஎஸ். 1986இல் அதனை யாரும் எடுத்துக்கொள்ளுமாறு பொதுவில் இட்டார். பிரையன் பெர்லினர் அதனைப் புதுக்கி எழுதினார். திறமூல உலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அதன்மேல் நின்றது. கேடிஈ முதலிய திட்டங்களைத் தமிழாக்கிய நண்பர்கள், இரவுகளில் மொழிபெயர்த்த சொற்களை ஏற்றியதும் அத்தகைய களஞ்சியத்தில்தான். சிவிஎஸ்ஸின் குறைகளைப் போக்க 2000இல் தொடங்கிய சப்வெர்ஷன், 2004 பிப்ரவரியில் முதற்பதிப்புக் கண்டது. கேடிஈ மறு ஆண்டே அதற்கு மாறியது.

விலைக்கு விற்ற கருவிகள் மறுபுறம் வளர்ந்தன. 1992இல் வந்த கிளியர்கேஸ் பெரிய நிறுவனங்களுக்கானது; பின்னர் ஐபிஎம் வசம் போயிற்று. அதை நடத்துவதற்கென்றே ஓர் ஆளை அமர்த்த வேண்டும் என்று அலுத்துக்கொள்ளாதவரை நாம் பார்த்ததில்லை. 1994இல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய சோர்ஸ்சேஃப், பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகங்களில் வேலை பார்த்த நம் மாணவர் பலருக்கு முதற்கருவி. பெயரில் பாதுகாப்பு இருந்தது. கோப்பு சிதைந்து போவது அதில் வாடிக்கை என்பதும் ஊரறிந்தது. 1995இல் வந்த பெர்ஃபோர்ஸை மட்டும் எவரும் குறை சொல்வதில்லை. படங்களும் ஒலிகளுமாகப் பெருத்த கோப்புகளை விளையாட்டு நிறுவனங்கள் அதில்தான் வைத்துக்கொள்கின்றன. பணம் கொடுத்தால் தொலைபேசியின் மறுமுனையில் பதில் சொல்ல ஒருவர் இருப்பார் என்பதும் சிறிய நன்மையன்று.

இவற்றுள் நம் கதைக்கு நெருங்கிய கதை பிட்கீப்பருடையது. லினக்ஸ் கருநிரலின் தலைவரான லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்குமிருந்து வரும் திருத்தங்களைப் பல்லாண்டு மின்னஞ்சலில் பெற்றுக் கையாலேயே சேர்த்து வந்தார். சிவிஎஸ் அவருக்குப் பிடிக்காது. 2002 பிப்ரவரியில் லாரி மக்வாயின் நிறுவனம் செய்த பிட்கீப்பரை ஏற்றார். அது மூடிய கருவி. கட்டற்ற மென்பொருள் செய்வோருக்கு மட்டும் விலையின்றிக் கிடைத்தது. விலை இல்லை, நிபந்தனை இருந்தது. பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவி எதிலும் வேலை செய்யக்கூடாது. திருத்த வரலாற்றின் முழு விவரமும் பணம் கொடுத்தவர்க்கே. ரிச்சர்டு ஸ்டால்மன் போன்றோர் அப்போதே எச்சரித்தார்கள். பெரும்பாலோர் வேலை நடந்தால் போதும் என்றிருந்தார்கள். நாமும் அவ்விடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருப்போம்; இருந்தோம் என்பதற்கு மேலே சொன்ன 30 நாள் கடிதமே சாட்சி.

2005இல் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல், பிட்கீப்பர்க் களஞ்சியத்தின் தகவல்களைத் தனியே எடுக்கும் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். உள்ளே நுழைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டியதும் அதுவே தன் ஆணைகளைச் சொல்லிற்று என்று அவர் பின்னர் ஒரு கூட்டத்தில் காட்டினார். நிறுவனம் சினந்து இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. டோர்வால்ட்ஸ் டிரிட்ஜலைக் கடிந்துகொண்டார். ஆனாலும் வேறு வழியில்லை. ஏப்ரல் 3ஆம் நாள் புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாள் அக்கருவி தன் திருத்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. ஜூன் மாதம் வெளிவந்த கருநிரல் 2.6.12 அதனால் நிர்வகிக்கப்பட்டது. அதுவே கிட். ஜூலையில் அதனை ஜூனியோ ஹமானோ கையில் ஒப்படைத்தார். அதே நெருக்கடியில் அதே ஏப்ரலில் மேட் மக்கால் செய்த மெர்க்குரியலும் பிறந்தது. பிட்கீப்பர் 2016இல் திறமூலமாக்கப்பட்டது. கேட்பார் அதிகமில்லை.

கிட்டின் அமைப்பில் இரண்டு கூறுகள் ஏட்டுத் தமிழ் அறிந்தவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஒன்று, பிரதி எடுப்பவர் ஒவ்வொருவரும் கடைசி நிலையை மட்டுமன்றி வரலாறு முழுவதையும் பெறுகிறார். தலைமை ஏடு என்று தனியே ஒன்று கிடையாது. ஒரு மடம் எரிந்தாலும் மற்ற வீடுகளில் முழுக்கணக்கும் இருக்கும். மற்றொன்று, ஒவ்வொரு திருத்தமும் தனக்கு முந்திய திருத்தம் இன்னது என்று சுட்டுகிறது. அச்சுட்டு, உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டுப் பெற்ற நெடிய குறியெண். நடுவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் குறியெண்கள் அனைத்தும் மாறிவிடும். வெள்ளியம்பலத் தம்பிரான் வரலாம், பாடலும் சேர்க்கலாம். சேர்த்தது தெரியாமல் போகாது. ஒரு செய்தியை மட்டும் கிட் தானாகச் சொல்லாது. திருத்தத்தின் காரணம் அது. அதனைத் திருத்துபவரே ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். நம்மவரில் சிலர் அவ்விடத்தில் ‘சரி செய்தேன்’ என்று எழுதுகிறார்கள். ஏடெழுதியவரின் பிழை பொறுக்க வேண்டிய வாக்கியமே இதனினும் பயனுள்ளது.

*

கடிதம் வந்த பின்னர் நாம் மூன்று வழிகளை எடைபோட்டோம். விலை கொடுத்து ஒரு சேவையைப் பெறுவது, சப்வெர்ஷன், கிட். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் விலைக்கே வாக்களித்தார். பணம் கொடுத்தால் கேட்க உரிமை உண்டு என்பது அவர் வாதம். பிரதியை மட்டும் இறக்கலாமா, வரலாற்றையும் இறக்கலாமா என்று விற்பவரிடம் கேட்டோம். வரலாறு அவர்களுடைய வடிவத்தில்தான் வரும், அதைப் படிக்க அவர்களுடைய மென்பொருளே வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். மூத்தவர் வாக்கை மாற்றிக்கொண்டார். சப்வெர்ஷன் கற்க எளிது. ஆயின் வரலாறு ஒரே இடத்தில் இருக்கும். அந்த ஓர் இடத்தைப் பராமரிக்க நம்மில் ஆள் இல்லை. கிட் கடினம். முதல் மாதத்தில் இருவர் விலகினார்கள்.

எஞ்சியவர்களுக்குக் கிடைத்த பாடங்கள் மென்பொருள் நூல்களில் இல்லாதவை. கிட் வரிவரியாக ஒப்பிடும் கருவி. செய்யுளுக்கு அது கடவுள் தந்த வரம்: ஓரடியில் ஓரெழுத்து மாறினால் அந்த அடி மட்டும் எடுத்துக் காட்டப்படும். உரைநடையில் ஒரு பத்தி முழுவதும் ஒரு வரியாகத் தட்டப்பட்டிருந்தால், ஒரு காற்புள்ளி மாறினும் பத்தி முழுவதும் மாறியதாகத் தோன்றும். ஆதலால் உரையை வாக்கியத்துக்கு ஒரு வரியாக உடைத்தோம். வேர்டு கோப்புகளை அது திறந்து பார்க்காது. எல்லாவற்றையும் வெறும் உரைக்கோப்பாக மாற்ற வேண்டியிருந்தது. ‘சொல்லதிகாரம்’ என்று தமிழில் பெயரிட்ட கோப்பை அது பின்சாய்கோடுகளும் மூன்றிலக்க எண்களுமாகக் காட்டிற்று. ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும் என்று அறிய நமக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

எழுத்துகளின் மயக்கம் இங்கேயும் தொடர்ந்து வந்தது வேடிக்கை. ஒருங்குறியில் ‘பொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு இரண்டு. இருவர் இரு விசைப்பலகைகளில் தட்டியபோது, ஒரு சொல்லும் மாறாத பக்கத்தில் நாற்பது மாற்றங்கள் என்று கிட் அறிவித்தது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டுவோர் எத்தனை பேர் என்பது இப்போதுதான் தெரிந்தது. துணைக்காலுக்கு ரகரம் தட்டிய இடங்கள் சில, ஏழு என்னும் தமிழ் எண்ணுக்கு எகரம் தட்டிய இடங்கள் சில. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இவை மிகுதி. ஏட்டில் கண் மயங்கியது. இங்கே கண் மயங்கிய இடத்தைக் கருவி காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே குறியீட்டு முறைக்கு மாற்றும் சிறுநிரல் ஒன்றை ஒரு மாணவி எழுதித் தந்தார். அதன் பின்னரே ஒப்பீடு பொருளுடையதாயிற்று.

ஒன்றில் மட்டும் தோற்றோம். பழைய அச்சுநூல்களின் பக்கப்படங்களையும் அதே களஞ்சியத்தில் இட்டோம். படங்களை இருமுறை மாற்றியதும் களஞ்சியம் வீங்கிவிட்டது. வரலாறு முழுவதும் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்ற அறம், மெதுவான இணைப்பு உள்ள வீட்டில் தண்டனையாக மாறியது. பெர்ஃபோர்ஸ்காரர்கள் சிரிக்கும் இடம் இது. படங்களை வேறோரிடத்துக்கு மாற்றிவிட்டு, உரையை மட்டும் கிட்டில் வைத்திருக்கிறோம்.

கட்டற்ற கருவியை ஏற்றதால் கட்டுகள் எல்லாம் அறுந்தன என்று நாம் நினைக்கவில்லை. கிட் திறமூலம், அதனைச் சுமக்கும் கிட்ஹப் 2008இல் தொடங்கிய தனியார் நிறுவனம். 2018இல் மைக்ரோசாஃப்ட் அதனை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தின் பெயரால் ஈரானிய நிரலர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. 2021 ஜனவரியில்தான் அவர்களுக்கு வாசல் முழுதும் திறந்தது. கிட்டோரியஸ் 2015இலும் கூகுள் கோடு 2016இலும் மூடப்பட்டன. வேறுபாடு இதுதான்: வாசல் மூடினாலும் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் கணக்கு முழுவதும் இருந்தது. குறைகூறல்களும் வாதங்களும் மட்டும் அந்தந்தத் தளத்தோடு போகக்கூடியவை. நாம் வாதங்களையும் ஓர் உரைக்கோப்பாக எழுதிக் களஞ்சியத்திலேயே வைத்துவிட்டோம். சற்றுப் பழமையான ஏற்பாடுதான். ஐயரின் குறிப்பேடுகளைப் பார்த்தவர்க்கு விந்தையாக இராது.

பொதுமைக்கும் நம்மிடையே முன்மாதிரி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சி. ‘மயிலை’ என்னும் எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தவரும் அவரே. அத்திட்டத்தின் கோப்பு ஒவ்வொன்றின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். முகப்பைச் சிதைக்காமல் யாருக்கும் கொடுக்கலாம் என்ற ஒரே நிபந்தனையும் இருக்கும். ஏடு தந்தவர் பெயரைப் புறநானூற்றின் முன்னே அச்சிட்ட மரபின் தொடர்ச்சியாகவே நாம் இதனைப் பார்க்கிறோம். எந்த எழுத்து எப்போது திருத்தப்பட்டது என்பதை அம்முகப்பு சொல்வதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன் உடன்பிறப்பான விக்கிமூலமும் அதனையும் பக்கந்தோறும் காட்டுகின்றன. ‘வரலாறு’ என்னும் சுட்டியைச் சொடுக்கினால் போதும். சொடுக்கும் வழக்கம் நம் மாணவர்களிடம் இல்லை என்பது வேறு வருத்தம்.

மீண்டும் அந்தப் ‘பொது’. சென்ற மாதம் வேறொரு நூலகத்தில் அதே நூலின் இன்னொரு அச்சுப்படி கிடைத்தது. அவ்விடம் தெளிவாக இருக்கிறது: ‘பொது’. ‘போது’ என்று மாற்றியவர் தாமே அதனைத் திரும்ப மாற்றினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில், பார்த்த படி எங்கே உள்ளது, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்பதை எழுதிவிட்டு, முன்பு தாம் மாற்றியதன் காரணம் நினைவில்லை என்பதையும் சேர்த்து எழுதினார். அந்தக் கடைசிச் சொற்றொடர் தேவையா என்று கூட்டத்தில் கேள்வி எழுந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.